இரண்டாவது குடுவை

எங்கள் மகள் மருத்துவ நுழைவுத் தேர்வுக்காக மனித இனப்பெருக்கம் என்ற பாடத்தைப் படம் வரைந்து பாகம் குறித்துப் படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில், அந்தப் பாடத்துக்கு எங்கள் வீட்டிலேயே ஒரு செய்முறை விளக்கம் நடந்துவிட்டது. எனக்கு ஐம்பது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மனைவிக்கு நாற்பது தாண்டியிருந்தது. மகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இப்போதைக்குச் சொல்லவே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பதினேழு வயதுப் பெண், நாள் முழுக்க உயிரியலே படிக்கிறவள், அம்மா சாம்பார் வாசனைக்கு எழுந்து ஓடுவதைப் பார்த்து அஜீரணம் என்று நம்பிவிடுவாள் என நாங்கள் நம்பினோம். படித்த குடும்பங்களில்தான் இந்த அளவு முட்டாள்தனம் சாத்தியம்.

வெட்கம் பாதிக் காரணம்தான். மறு பாதி பயம்.

மகளுக்குப் பிறகு எங்களுக்கு இரண்டு கர்ப்பங்கள் ஆரம்பத்திலேயே கலைந்திருந்தன. அப்போது ஒரு மருத்துவர் எங்கள் இருவர் ரத்தத்தையும் எடுத்துக் குரோமோசோம்களைப் பார்க்கச் சொன்னார். மனைவியுடையவை பள்ளி அணிவகுப்பு மாதிரி ஒழுங்காக நின்றன. என்னுடையதில் நான்காவதும் பதினொன்றாவதும் வால் நுனியை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. பல தொகுதிகள் கொண்ட ஒரு கலைக்களஞ்சியத்தைத் தைத்தவர், நான்காம் தொகுதியின் கடைசிப் பக்கங்களைப் பதினொன்றிலும், பதினொன்றின் கடைசிப் பக்கங்களை நான்கிலும் வைத்துத் தைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு பிரதி உண்டு, ஒன்றில்தான் இந்தக் குளறுபடி; ஒரு பக்கமும் தொலையவில்லை. அதனால்தான் நான் நடமாடுகிறேன், வரி கட்டுகிறேன், நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறேன். ஆனால் பிள்ளைக்கு என் பங்கைக் கொடுக்கும்போது, மாறின நான்கையும் மாறாத பதினொன்றையும் கொடுத்துவிட்டால் போச்சு. சில பக்கங்கள் கூடுதலாக இருக்கும், சில பக்கங்கள் குறையும். அப்படிப்பட்ட புத்தகம் பெரும்பாலும் முடிவடைவதில்லை. முடிந்தாலும், படிப்பது எல்லோருக்கும் கஷ்டம்.

"இது நோய் இல்ல சார், ஒரு அரேஞ்ச்மென்ட், அவ்வளவுதான்" என்றார் அந்த மருத்துவர். என் புத்தக அலமாரியைப் பற்றி நான் பல வருடங்களாக மனைவியிடம் சொல்லிவருவதும் அதுதான்.

அதோடு நாங்கள் ஒரு பிள்ளையே போதும் என்று இருந்துவிட்டோம். இருந்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

இந்தத் தடவை கரு கலையவில்லை. தங்கிவிட்டது. நான்காவது மாதம் தாண்டியதும் பனிக்குட நீரை ஊசியால் கொஞ்சம் எடுத்து அம்னியோ என்ற சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்க மாட்டோம் என எழுதிக் கையெழுத்துப் போட்டோம். அதைக் கேட்கும் நிலையிலா இருந்தோம்? சீக்கிரம் முடிவு சொல்லும் சோதனை ஏதாவது உண்டா என்றுதான் நான் கேட்டேன். உண்டாம். ஆனால் அது ஒரு சில குரோமோசோம்களை மட்டும் எண்ணிப் பார்க்குமாம். என் கோளாறு எண்ணிக்கையில் இல்லை. முழுசாகப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

"எப்ப தெரியும், டாக்டர்?"

"ரெண்டு வாரம், மூணு வாரம். செல் வளரணும். அது செல்லைப் பொறுத்தது."

மனைவி கணக்கு ஆசிரியை. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "எனக்குப் படிப்படியா எதையும் சொல்லாதீங்க. விடை வந்ததும் சொல்லுங்க." சொல்லிவிட்டுப் பத்தாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். கெட்ட செய்தி வந்தால் என்ன செய்வது என்பதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கர்ப்பத்தைக் கலைக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசம் என்று ஒன்று இருந்தது. அது பாட்டுக்குக் குறைந்துகொண்டிருந்தது. வயிற்றில் இருப்பதைக் குழந்தை என்று சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. "ரிப்போர்ட்" என்றுதான் சொன்னோம். ரிப்போர்ட்டுக்காக அவள் மாத்திரை சாப்பிட்டாள். ரிப்போர்ட்டுக்காக நான் பாத்திரம் தேய்த்தேன்.

படிகளில் அக்கறை இல்லாத மனைவிக்கும் சேர்த்து நான் படிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். லேபுக்குப் போன் செய்யத் தொடங்கினேன். அங்கே ஒரு பெண்மணி எடுப்பார். "நமஸ்காரா, ஹேளி சார்" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, என் குரலைக் கேட்டதும் "ஓ, நீங்களா" என்று தமிழுக்கு இறங்குவார்.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இன்னும் வளரல சார். பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"எவ்வளவு வளர்ந்திருக்கு?"

"சார், செல்லுக்குப் போன் இருந்தா நானே உங்களுக்குக் கனெக்‌ஷன் குடுத்திருப்பேன். இல்லியே."

அவர் ஒன்று மட்டும் சொன்னார். எடுத்த நீரை எப்போதும் இரண்டு குடுவைகளாகப் பிரித்து, இரண்டு வேறு பெட்டிகளில் வைத்து வளர்ப்பார்களாம். "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும் சார்." ஆறுதலாகத்தான் சொன்னார். ஒன்று போகும் என்ற எண்ணமே எனக்கு அதுவரை இல்லை.

செல் ஏன் வளர வேண்டும், இருக்கிற செல்லை அப்படியே பார்த்தால் என்ன என்ற கேள்வி என்னைக் குடைந்தது. இதற்கு விடை தெரிந்த ஒரே ஆள் என் ஸ்கூட்டரின் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பெங்களூரு பிரேசர் டவுனில் எங்கள் வீட்டிலிருந்து அவளுடைய கோச்சிங் வகுப்புக்குப் போகும் வழியில் லிங்கராஜபுரம் மேம்பாலம். அங்கே தினமும் எப்படியும் நிற்க வேண்டிவரும். ஹெல்மெட்டைத் திருப்பாமல், போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"குரோமோசோமை எப்ப வேணா மைக்ராஸ்கோப்புல பாக்கலாமா?"

"முடியாதுப்பா. செல் பிரியற நேரத்துலதான் தெரியும். மத்த நேரம் எல்லாம் சிக்கின நூல்கண்டு மாதிரி கிடக்கும். எதுக்கு?"

"ஒரு கட்டுரைக்கு."

கட்டுரை என்றால் அவளுக்கு நான் செய்யும் எந்தக் கிறுக்கும் புரிந்துவிடும். பெரிய மனது பண்ணிச் சொல்லத் தொடங்கினாள். செல்லின் வாழ்க்கை ஒரு வட்டம். முதலில் ஜி ஒன்று: செல் சாப்பிட்டுப் பெரிதாகும், வேண்டிய சாமான்களைச் சேர்க்கும். பிறகு எஸ்: தன்னிடம் இருக்கும் டி.என்.ஏ. மொத்தத்தையும் ஒரு எழுத்து விடாமல் பிரதி எடுக்கும். பிறகு ஜி இரண்டு: பிரதி சரியா என்று பார்த்து, பிரிவதற்கு மூட்டை கட்டும். கடைசியாகத்தான் எம்: நூல் எல்லாம் சுருண்டு குச்சி குச்சியாகும், நடுவில் வரிசையில் நிற்கும், இரண்டு பக்கமும் இழுபடும், ஒன்று இரண்டாகும்.

"வரிசையில நிக்குது பாருங்க, அதான் மெட்டாஃபேஸ். போட்டோ அப்பத்தான் எடுப்பாங்க. எம் கொஞ்ச நேரம்தான்பா. மத்தது எல்லாம் ஏற்பாடு."

"கல்யாணம் மாதிரி."

"ஐயோ அப்பா! எல்லாத்தையும் கட்டுரையாக்காதீங்க."

"ஏற்பாட்டுலயே நின்னு போச்சுன்னா?"

"நிக்கும். நடுவுல செக்பாயின்ட் இருக்கு. டி.என்.ஏ. அடிபட்டிருந்தா மேல விடாது. சில செல் வட்டத்தை விட்டே வெளிய போய் உக்காந்துக்கும். ஜி ஜீரோன்னு பேரு. வேலை எல்லாம் செய்யும், ஆனா பிரியாது, புதுசா ஒண்ணும் பண்ணாது. உங்களை மாதிரி."

"என்னை மாதிரியா?"

"ஆபீஸ் போறீங்க, வர்றீங்க."

வண்டிகள் நகர்ந்தன. எனக்கு நகர மனம் வரவில்லை. பின்னாலிருந்து ஓர் ஆட்டோக்காரர் என் குடும்பத்தை விசாரித்த பிறகுதான் கிளப்பினேன்.

நான் ஜி ஜீரோ இல்லை என்பதற்கான ஆதாரம் ஏதோ ஒரு பெட்டியில், ஒரு குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

அடுத்த சில காலைகள் அந்த மேம்பாலத்திலேயே பாடம் நடந்தது. பிரதி எடுப்பதைப் பற்றிக் கேட்டேன். இரண்டு இழைகளும் ஜிப் மாதிரி பிரியுமாம். ஒவ்வொரு பழைய இழைக்கும் எதிரே ஒரு புது இழை எழுதப்படுமாம். ஆக இரண்டு பிரதியிலும் பாதி பழசு, பாதி புதுசு. மூலப்பிரதி என்று தனியாக ஒன்று எங்கும் மிஞ்சுவதில்லை.

"தப்பா எழுதிட்டா?"

"எழுதற என்ஸைமே திரும்பிப் பாத்து அழிச்சிட்டுச் சரியா எழுதும். புரூஃப் ரீடிங்."

எனக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. "அப்ப இடம் மாறினது எல்லாம்கூடச் சரிபண்ணிடுமா?"

"எது இடம் மாறினது?"

"சும்மா கேட்டேன்."

"அது எப்படிப்பா? பக்கத்துல இருக்கற பழைய இழையோட ஒத்துப் பாக்கும், அவ்வளவுதான். பழசுல எப்படி இருக்கோ அதான் அதுக்குச் சரி."

நாற்பத்தெட்டு வருடங்களாக என் உடம்புக்குள் இந்த நேர்மையான குமாஸ்தா, மாறித் தைத்த என் பக்கங்களை ஒவ்வொரு முறையும் ஒரு கால், கொம்பு விடாமல் பிரதி எடுத்துவந்திருக்கிறார். என் கட்டுரைகளுக்கு வாய்த்த பிழை திருத்துபவர்களில் ஒருவருக்குக்கூட இந்த விசுவாசம் இருந்ததில்லை.

அன்று மதியம் ஆபீஸில் ஒரு துணி துவைக்கும் இயந்திரத்துக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் என் பிழைப்பு. லேபிலிருந்து போன் வந்தது. அவர்களே கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"சார், ஒரு ஃபிளாஸ்க்குல ஃபங்கஸ் வந்திடுச்சு. அதை எடுத்துட்டோம்."

"எடுத்துட்டீங்கன்னா?"

"வெளிய போட்டுட்டோம் சார். டென்ஷன் ஆகாதீங்க. இன்னொண்ணு சுத்தமா இருக்கு. ஆனா ஸ்வல்ப, கொஞ்சம் மெதுவா வருது."

"அதுவும் வரலேன்னா?"

"மறுபடி ஊசி போட்டு எடுக்கணும் சார். டாக்டர் சொல்வாங்க."

மறுபடி ஊசி. மறுபடி வாரங்கள். அவகாசத்துக்குள் அது அடங்காது என்பதைக் கணக்கில் எப்போதும் கோட்டைவிடும் எனக்கே போட்டுப்பார்க்கத் தெரிந்தது. கணக்கு தெரிந்தவளிடம் சொல்லவில்லை. விடை வந்ததும்தானே சொல்ல வேண்டும்? இது விடை இல்லை. வினாத்தாளே தொலைந்து போகும்போல இருந்த நிலை.

ஞாயிற்றுக்கிழமை. மகள் மாதிரித் தேர்வுக்குப் போயிருந்தாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். மேஜையில் உட்கார்ந்திருந்த மனைவி திடீரென்று கையை நிறுத்தினாள். சட்னியில் தோய்த்த விள்ளல் அப்படியே நின்றது.

"என்ன, வலிக்குதா?"

"இல்ல." வயிற்றின் ஓரத்தைப் பார்த்தாள். "அசையுது."

எது அசைகிறது என்று அவள் சொல்லவில்லை. ரிப்போர்ட் என்று சொல்ல முடியாது, ரிப்போர்ட்டுகள் அசைவதில்லை. நான் அடுப்பை அணைத்தேன். கை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"வேண்டாங்க" என்றாள், நான் கேட்கும் முன்பே. "இப்ப வேண்டாம்." பிறகு அந்த விள்ளலைச் சாப்பிட்டாள். கல்லில் கிடந்த தோசை கருகியிருந்தது. அதை நான் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மேம்பாலத்தில் நான் ஜாக்கிரதை எல்லாம் இழந்திருந்தேன். வண்டி நின்றதும் நேராகக் கேட்டேன்.

"குடுவையில வெக்கிற செல் எதனால மெதுவா வளரும்? சூடு கம்மியா இருந்தாலா? சத்து பத்தாமலா? இல்ல, அந்தச் செல்லுலயே கோளாறு இருந்தாலா?"

பின்னாலிருந்து என் ஹெல்மெட்டைத் தட்டினாள்.

"அப்பா."

"ம்."

"இது சிலபஸ்ல இல்ல."

"கட்டுரைக்கு..."

"அம்மாவுக்கு அம்னியோ பண்ணியிருக்கீங்களா?"

மேம்பாலத்தில் எனக்கு ஓடுவதற்கு இடம் இல்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் மொத்த பெங்களூரு.

"உனக்கு எப்படி..."

"நான் நீட் எழுதப் போறவப்பா! அம்மா சாம்பாரைக் கண்டா ஓடறாங்க, நீங்க பாத்திரம் தேய்க்கறீங்க. இதுல எது அஜீரணம்? நீங்களா சொல்வீங்கன்னு ரெண்டு மாசமா வெயிட் பண்றேன். எனக்கு வெக்கமா இருக்கும்னு நெனச்சீங்களா? உங்களுக்குத்தான் வெக்கம்."

அது உண்மைதான். எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு, பதினொன்று, கலைந்த இரண்டு, பூஞ்சை பிடித்த குடுவை, மிச்சமிருக்கும் குடுவை. லாரிக்காரர் என்ஜினை அணைத்துவிட்டிருந்தார். அதனால் கத்த வேண்டியிருக்கவில்லை. அவள் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப நான்?"

இந்தக் கேள்விக்காக நான் பல வருடங்கள் தயாரித்துவைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. அழகான பதில், உவமையெல்லாம் உண்டு. அது வரவில்லை.

"நீ நல்லாத்தான் இருக்க. ஆனா உனக்கும் என்னை மாதிரி மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம். பாக்கல. நீ பெரியவளானதும் நீயே முடிவு பண்ணிக்கலாம்னு டாக்டர் சொன்னார்."

அவள் என் தோளைப் பிடித்திருந்தாள். வழக்கமாகப் பின்னால் இருக்கும் கம்பியைத்தான் பிடிப்பாள். வகுப்பு வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்து, "செல் மெதுவா வளர்றதுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்பா. எல்லாம் கெட்ட காரணமா இருக்கணும்னு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் நிச்சயமில்லை.

அன்று சாயங்காலம் அவள் நேராக அம்மாவிடம் போய், "எனக்குத் தெரியும். பயப்படாதீங்க, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகளின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பாத்திரம் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் லேப் பெண்மணி சொன்னார்: "சார், நல்லா பிடிச்சு வளர்ந்திடுச்சு. இன்னிக்கு ஹார்வெஸ்ட்."

"அறுவடையா?"

"ஆமா சார். மருந்து போட்டு நிறுத்திடுவோம்."

இவ்வளவு நாள் வளர வேண்டும், பிரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவன், இப்போது சரியான இடத்தில் நிற்க வேண்டும் என்று வேண்டத் தொடங்கினேன். அது என்ன மருந்து என்று மகளிடம் கேட்டேன். கோல்சிசின் வகை என்றாள். குரோமோசோம்களை இழுக்கும் கயிறுகளைக் கட்டவிடாது. வரிசையில் நின்றவை நின்றபடியே நிற்கும், படம் எடுக்கலாம்.

அது எதிலிருந்து வருகிறது என்று தேடினால், நம் செங்காந்தள். கண்வலிக் கிழங்கு என்று தமிழ்நாட்டில் வயல் வயலாகப் போடுகிறார்களே, அந்தக் கொடியின் விதையிலும் அது இருக்கிறது. பழம் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொல்லித் தேய்த்த பூ. வேறு சமயமாக இருந்தால் இதை வைத்து நாலு பக்கம் எழுதியிருப்பேன். அன்று நான் நினைத்ததெல்லாம், அந்த விரல் கொஞ்சம் நிதானமாக, என் பிள்ளையின் பதினொன்றாம் தொகுதிமேல் அழுத்திப் பிடிக்கட்டும் என்பதுதான். பிள்ளை என்று நினைத்துவிட்டதை அப்புறம்தான் கவனித்தேன்.

முடிவை வாங்க மூன்று பேருமே போனோம். மருத்துவர் கவரைப் பிரித்து, மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். அந்த நேரத்தில் நான் அவர் மேஜைமேல் இருந்த பேனாக்களின் நிறத்தை எல்லாம் மனப்பாடம் செய்தேன். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுவும் கூடல, எதுவும் குறையல" என்றார் மருத்துவர். "நாலும் பதினொண்ணும் இடம் மாறியிருக்கு. ரெண்டுமே. அப்பாவுக்கு இருக்கற அதே மாதிரி. அவர் எப்படி இருக்காரோ, அப்படியே இருக்கும்."

மனைவி திரும்பி என்னை முழுசாக, வழுக்கையிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். "இவர் மாதிரியேவா, டாக்டர்?" என்றாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். அழத்தான் செய்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே. மருத்துவர் டிஷ்யூப் பெட்டியை என் பக்கமாகத் தள்ளினார். எனக்குத்தான் தேவைப்பட்டது போலிருக்கிறது.

மகள் படத்தை வாங்கி, ஜோடி ஜோடியாக அடுக்கியிருந்த குச்சிகளை விரலால் தடவிப் பார்த்தாள். "இதோ, நாலு. ஒண்ணு நீட்டம், ஒண்ணு குட்டை. பதினொண்ணும் அப்படித்தான்." என் படத்தில் நான் பல வருடங்களாகப் பார்த்தும் பிடிபடாததை அவள் ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள். பிறகு படத்தைக் கீழே வைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும்போது மனைவி ஆட்டோவில் "குழந்தைக்கு அந்தச் சின்ன ரூமைக் காலி பண்ணணும், உங்க புத்தகத்தை எல்லாம் எடுங்க" என்றாள். எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறேன் என்றேன். குழந்தை என்ற வார்த்தையை அவள் சொன்னதே போதுமாக இருந்தது.

மறுநாள் காலை, அதே மேம்பாலம், அதே நிற்றல். முன்னால் இம்முறை சிமென்ட் லாரி.

"அப்பா."

"ம்."

"பரீட்சை முடிஞ்சதும் எனக்குப் பதினெட்டு ஆயிடும். ரத்தம் குடுக்கறேன். எனக்கும் பாக்கணும்."

"அவசரம் இல்லம்மா."

"அவசரம் இல்ல. ஆனா தெரிஞ்சுக்கணும். ஒரே ஒரு கண்டிஷன். நீங்க லேபுக்குப் போன் பண்ணக் கூடாது."

சரி என்றேன். லாரி நகர்ந்தது. அந்த நம்பரை இன்னும் என் போனிலிருந்து நான் அழிக்கவில்லை.